முகம் வராது என்று சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ஊர் பெரியபாளையம் பக்கம், கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். நான் நன்றாகப் பாடுவேன். சுமாராக என்று அடக்கமாகச் சொல்லலாம்தான், ஆனால் அன்றைக்கு என்னிடம் அடக்கம் கிடையாது. அந்தத் திமிர் என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த வருடம் ஒரு பாட்டு எல்லோரையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. வீடில்லாமல் பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் ஒரு பெண், போகிறவர் வருகிறவரைப் பார்த்துப் பாடுவதாக எழுதிய பாட்டு. சினிமாப் பாட்டு கூட இல்லை, யாரோ ஒருவர் கிடாரை வைத்துக்கொண்டு பாடிப் போட்டது. அதற்கப்புறம் ஆளாளுக்கு அதைப் பாட ஆரம்பித்தார்கள். கானாவில் ஒன்று, நாதஸ்வரத்தில் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகப் பாடியது ஒன்று, ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கம் தாண்டினால் தெலுங்கில் ஒன்று. எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அதைப் போட்டு எல்லோரும் ஆடினார்கள் என்றால் பாருங்களேன்! மனை விற்கிற ஆட்டோ ஒன்று, அதே மெட்டில் வார்த்தையை மட்டும் மாற்றிக்கொண்டு எங்கள் தெருவைச் சுற்றியது. யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம், வாசலில் பூசணிக்காய், பொரிகடலை, அதற்கு மேல் செக்‌ஷனுக்கு செக்‌ஷன் போட்டி. அந்த வருடப் போட்டி, இந்தப் பாட்டை அவரவர் பாணியில் பாடி வீடியோ எடுப்பது. வெல்டிங் செக்‌ஷன்காரர்கள் இரும்புக் குழாயைத் தட்டிப் பாடினார்கள். ஸ்டோர்ஸ்காரர்கள் அட்டைப் பெட்டியால் வீடு கட்டி, கிழிந்த சட்டை போட்டு நடித்தார்கள். எனக்கு அதெல்லாம் சிரிப்பாக வந்தது. நான் நிஜ பிளாட்பாரத்தில் எடுக்கலாம் என்றேன்.

என்னோடு வேலை செய்யும் தோழி போனில் படம் பிடிப்பதில் கெட்டிக்காரி. இருவரும் ஒரு நாள் பொழுது விடியும்போதே கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். பிளாட்பாரத்தின் கடைசியில், கூரை முடிகிற இடத்தில் ஓர் அம்மா இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்து, நீலக் கட்டம் போட்ட போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய பை. அதன் வாயில் சட்டம் போட்ட போட்டோ ஒன்று பாதி தெரிந்தது. எனக்கு மனதுக்குள் குதூகலம். இதைவிடப் பொருத்தமாக யார் கிடைப்பார்கள்?

பக்கத்தில் போய், "அக்கா, நான் பாடுவேன், இவ வீடியோ எடுப்பா, நீங்க சும்மா ஒக்காந்துகினு இருந்தா போதும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். பிறகு, "மூஞ்சி வராது இல்ல கண்ணு?" என்று கேட்டார்.

"வராதுக்கா. முதுகு மட்டும்தான்" என்றேன். அப்போது அதை உண்மையாகத்தான் சொன்னேன்.

நான் பாடினேன். இரண்டாவது சரணத்தில் அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. தோழி போனை அப்படியே அவர் முகத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். முடிந்ததும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். எங்கே இருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீடியோவை வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோது தோழி தயங்கினாள். "ஏய், மூஞ்சி வராதுன்னு சொன்னியே, தூக்கிடவா?" என்றாள். நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்த முகம் இல்லாமல் என் பாட்டு வெறும் பாட்டாக இருந்தது. அந்த முகம் வந்ததும்தான் அது ஒரு பெண்ணின் கதையாக ஆனது. "இருக்கட்டும்டி, யாரு பாத்து அந்த அக்காகிட்ட சொல்லப் போறா?" என்றேன். இதைச் சொன்னது நான். தோழி இல்லை.

போட்டிக்கு முன்பே அதை இணையத்தில் போட்டுவிட்டோம். இரண்டே நாளில் எங்கெங்கோ போய்விட்டது. ஆயுத பூஜையன்று கேன்டீன் ஹாலில் திரை கட்டி எல்லா வீடியோவையும் காட்டினார்கள். எங்களுடையது ஓடியபோது சிலர் அழுதார்கள். முதல் பரிசு எங்களுக்குத்தான் என்று அறிவித்ததும், கேன்டீன் சூப்பர்வைசர் உள்ளே ஓடிப்போய், தட்டு கழுவுகிற இடத்திலிருந்து ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"சார், ஹீரோயின் நம்ம ஆளுதான் சார்! இன்னாம்மா, சொல்லவே இல்ல நீ?"

தலையில் வலைத் தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் ரப்பர் உறை. சூப்பர்வைசர் மாஸ்க்கை இறக்கினார். அந்த அக்கா. எல்லோரும் கை தட்டினார்கள். அடக் கடவுளே! தினமும் சாப்பிட்டு முடித்து நான் தட்டை நீட்டும்போது வாங்கி அடுக்குகிற கை அது. ஒன்றரை வருடமாக என் எச்சில் தட்டை வாங்கியவர். எனக்கு அவரைத் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.

மேடைக்குப் பக்கத்தில் வந்தபோது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மூஞ்சி வராதுன்னு சொன்னியே கண்ணு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலில் திட்டே இல்லை.

பூஜை விடுமுறை முடிந்து போனால் கேன்டீனில் அவர் இல்லை. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை ஸ்டேஷனுக்கே ஓடினேன். அதே இடத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன் அக்கா அன்றைக்கு என்னைத் தெரியும் என்று சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இன்னான்னு சொல்றது? டெய்லி பாக்கற பொண்ணாச்சே, நம்மள இன்னா பண்ணிடப் போறான்னுதான் ஒக்காந்தேன்."

பிறகு அவராகவே சொன்னார். புருஷன் இறந்தபின் ஒரே பெண்ணைப் பள்ளிப்பட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார். இவர் வாடகைக்கு இருந்த அறையை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒண்டிப் பெண்ணுக்கு விடுவதைவிட, வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வருகிற பத்துப் பேரை அதில் அடைத்தால் அவருக்கு வருமானம். ஐந்து மாதமாகப் பிளாட்பாரம். பெண்ணிடமும் சம்பந்தி வீட்டிலும், கம்பெனி குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"பொண்ணு மாசமா கீது. நாளைக்கு வளகாப்பு. வளையல் போட்டு நான்தான கூட்டாரணும்? தலப்பிரசவம் ஆத்தா ஊட்லதான? அதுக்குள்ள ஒரு ரூம் பாத்து வச்சிருந்தேன். அந்த ஊட்டுக்காரம்மாவும் உன் படத்தப் பாத்துட்டாங்க. பிளாட்பாரத்து ஆளுக்கு ஊடு இல்லன்ட்டாங்க. மாப்ள தம்பி செல்லுல வந்துச்சாம், எல்லாருமா ஒக்காந்து பாத்திருக்காங்க. நாங்களே வளகாப்பு பண்ணிக்கறோம், நீ வராதன்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. பொண்ணு போனே எடுக்க மாட்டேன்றா."

கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்துக் காட்டினார். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள்.

என் வீட்டுக்கு வாருங்கள், பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் பாவமாகச் சிரித்தார். "உன் ஊடு எப்டி கண்ணு என் ஊடாவும்?" என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "நான் பேசறேன்க்கா. அது போட்டிக்காக நடிச்சதுன்னு சொல்றேன்" என்றேன். அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. அந்த ஆசையை நான் எழுப்பியிருக்கக் கூடாது.

நம்பர் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் போய் என் போனிலிருந்து பேசினேன். அந்தப் பெண் எடுத்தாள். உங்கம்மா எங்கள் கம்பெனிப் போட்டிக்காக நடித்தார், அவருக்குக் குவார்ட்டர்ஸ் இருக்கிறது என்று மளமளவென்று சொல்லி முடித்தேன்.

"பையில எங்கப்பா போட்டோ இருந்துச்சுங்க" என்றாள் அவள். "நடிக்கறதுக்கு யாராச்சும் அத எடுத்துக்கினு வருவாங்களா? எங்கம்மாவ வர வேணாம்னு சொல்லுங்க. வந்தா இவங்க எல்லார் முன்னாடியும் கேப்பாங்க. என்னால அத பாக்க முடியாது." அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தேன். அக்கா எழுந்தே நின்றிருந்தார். "இன்னா சொன்னா? நம்பிட்டாளா?"

அந்தக் கண்ணைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. "நம்பிட்டாங்கக்கா" என்றேன்.

"அப்டியா! எனக்குத் தெரியும், எம்பொண்ணு புத்திசாலி" என்றவர், சரசரவென்று தலையைச் சீவிக் கொண்டை போட்டார். போர்வையைப் பையில் திணித்தார். வந்து நின்ற சென்னை வண்டியில் ஏறிவிட்டார். அங்கிருந்து திருத்தணி ரயில் பிடித்து, பள்ளிப்பட்டு பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாமாம். நான் ஜன்னலோரம் நின்றேன். வாயைத் திறந்து, போகாதீங்கக்கா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? வண்டி நகர்ந்தது. "நீ நல்லாத்தான் பாடுன கண்ணு" என்று சொல்லிவிட்டு, வளையல் பொட்டலத்தை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எத்தனையோ முறை போன் செய்தேன், முதலில் எடுக்கவில்லை, பிறகு அந்த நம்பரே இல்லை என்று வந்தது. அங்கே அவரை வாசலில் நிற்க வைத்துப் பேசினார்களா, அந்த வளையல் யார் கையில் ஏறியது, எதுவும் தெரியாது. வீடியோவை அன்றைக்கே நீக்கிவிட்டேன். ஆனால் அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, வேறு யார் யாரோ தங்கள் குரலில் அதே பாட்டைப் பாடிப் போட்டிருக்கிறார்கள். நான் நீக்கி என்ன பிரயோஜனம்?

இப்போது நான் பாடுவதில்லை. கேன்டீனில் தட்டை நீட்டும்போது, மாஸ்க்குக்கு மேலே தெரிகிற கண்களைப் பார்த்து, சாப்பிட்டீங்களா அக்கா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன். அது ஒன்றும் பரிகாரம் ஆகாது என்று எனக்கே தெரியும், ஏனென்றால் முகம் வராது என்று சொல்லி நான் பொய்யாக்கிய வார்த்தை அவர் வீட்டை எடுத்தது, நம்பிட்டாங்க என்று சொன்ன பொய் அவரை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதோ, இன்று வரை எனக்குத் தெரியவில்லை.