மணல்திட்டில் ஒரு வீடு

தூத்துக்குடியில் கயிற்றுக்கடை வைத்திருந்த மந்திரமூர்த்தியிடம் யோசனை கேட்காமல் அந்தத் தெருவில் யாரும் மனைகூட வாங்கமாட்டார்கள். அவர் அறிவுரை சொல்வதில்லை. கேள்விதான் கேட்பார். பதில் சொல்லச் சொல்ல, வந்தவருக்கே தன் திட்டத்தின் ஓட்டை தெரிந்துவிடும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், பங்குனி மாதம். கீழவைப்பாருக்குத் தோணியில் சரக்கோடு போனவர், கரையை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடந்த ஒரு மணல்திட்டைப் பார்த்தார். விடிந்தும் விடியாத நேரம். கடலும் வானமும் சிப்பியின் உட்புறம்போல ஒரே நிறமாக மினுங்க, திட்டு நடுவில் மிதந்தது. இறங்கிப்போய்க் கையால் மணலைத் தோண்டி, ஊறிய தண்ணீரைக் குடித்தார். இனித்தது. அந்தக் கணத்திலேயே அங்கே குடியிருக்கத் தொடங்கிவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

மனைவி முத்துக்கனியை அழைத்துப்போய்க் காட்டினார். அவள் சுற்றிலும் பார்த்தாள்.

"நான் கல்யாணமாகித் தோணியில வாரப்போ இங்கன கடலால்லா கெடந்துச்சு?"

"அப்போ கரை வளருதுன்னுதான அர்த்தம், ஏளா?"

"கடல் திரும்பி வந்துச்சுன்னா?"

"வாரதா இருந்தா உப்புல்லா கரிக்கணும்? தண்ணி எப்படி இனிக்குது?"

அவள் எது கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது. கெட்டிக்காரப் பதில்கள். கடையைத் தம்பி செந்தூர்பாண்டியிடம் விட்டுவிட்டு, பனங்கட்டைகளை நட்டு வீட்டைக் கட்டி முடித்தார்.

கோடை முழுக்க அங்கே நாட்கள் நகர்ந்தது தெரியவில்லை. காற்று கூரையைத் தடவிக்கொண்டே இருக்கும். வெள்ளைப் பறவைகள் வாசலில் இறங்கி நிற்கும். பேச்சை நடுவில் விட்டுவிட்டு இருவரும் அலையைப் பார்த்தபடி இருந்துவிடுவார்கள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் கடல் வந்தது. புயலுமில்லை, இரைச்சலுமில்லை. அடுக்களைக்குள் மெல்ல நுழைந்து பானைகளை மிதக்கவிட்டது. குஞ்சு மீன்கள் அடுப்பைச் சுற்றின. இருவரும் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கரையேறினார்கள். கார்த்திகை பிறக்கையில் வீடுமில்லை, திட்டுமில்லை.

"அண்ணாச்சி, ஊருக்கே புத்தி சொல்லுத நீங்களா?" என்று கடைக்கு வந்த இசக்கியப்பன் கேட்டான்.

மந்திரமூர்த்தி கயிற்றைச் சுற்றியபடியே சொன்னார்: "மத்தவன் காரியம்னா எனக்குக் கேள்வி வரும். இது எனக்குப் பிடிச்சுப்போச்சுலே. பதிலாத்தான் வந்துச்சு."

முத்துக்கனி அதன்பிறகு ஒருநாளும் அதைக் குத்திக்காட்டவில்லை. தெருவில் யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தால் மட்டும், "அந்த வீட்டுல நான் தூங்குன தூக்கத்த நீங்க ஒருத்தரும் தூங்குனதில்ல" என்பாள்.