மணற்காட்டில் நின்றுபோன கார்

மணல் புகுந்து எஞ்சினைத் தின்றுவிட்டது என்றுதான் நான் உண்மையாகவே நம்பினேன்.

யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத யுத்த காலம். மச்சானிடம் இரவல் வாங்கிய, மண்ணெண்ணெயில் ஓடும் காரில் மனைவியுடன் மணற்காட்டு மணல்மேடுகளைப் பார்க்கப் போயிருந்தேன். அந்தக் காரைக் கிளப்புவதற்கு மட்டும் காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விடவேண்டும். அதை ஒரு போத்தலில் பத்திரமாகக் கொண்டுபோயிருந்தோம். உச்சி வெயிலில் திரும்பப் புறப்பட்டபோது, பாதிப் போத்தலை விட்டும் கார் இருமக்கூட இல்லை.

“எஞ்சினை மணல் திண்டிட்டுது. இனி மச்சான் என்னைத் தின்னப்போறான்,” என்று புலம்பினேன்.

“கத்தாதேங்கோ. தண்ணி குடிச்சிட்டு யோசிப்பம்.”

மனைவி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வாயருகே கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்தாள்.

“இஞ்சாருங்கோ, இதெல்லோ பெற்றோல்.”

நான் காபரேட்டருக்குள் விட்டது குடிதண்ணீர்.