தம்பி மனைவியின் வளையம்

தம்பிக்குக் கல்யாணமாகி மறுவாரமே அவன் மனைவி பட்டறைக்கு வந்துவிட்டாள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ கைப்பையை என் மேசைமேல் வைத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, முந்தின நாள் நான் மடக்கி முடித்திருந்த தகரக் கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"நங்கையா, இந்த ஓட்டையோட விளிம்ப ஏனுங்க வெட்டுனாப்பலயே விட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். கணவனின் அக்காவை நாங்கள் நாத்தனார் என்போம், அவர்களுக்கு நங்கையா. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. கேள்வி பிடிக்கவில்லை.

திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது அப்பாவின் பட்டறை. ஜெனரேட்டர்களுக்குச் சத்தம் வெளியே கேட்காத பெட்டிகள் செய்கிறோம். பெட்டிக்குள் அடைத்துவிட்டால் எஞ்சின் சூடாகும் என்பதால், அதற்குள் காற்று ஒழுங்காக ஓட வழி செய்வதும் எங்கள் வேலைதான். எஞ்சினுக்கு முன்னால் ஃபேன் சுற்றும். அதற்கு முன்னால் ரேடியேட்டர் நிற்கும். ஃபேன் வட்டம், ரேடியேட்டர் சதுரம். இரண்டுக்கும் நடுவே தகரத்தில் ஒரு கூடு வைக்காவிட்டால், காற்று நடுவில் மட்டும் பாய்ந்து நான்கு மூலையும் சும்மா கிடக்கும். மிச்சக் காற்று பக்கவாட்டில் நழுவித் திரும்பவும் ஃபேனுக்கே வந்து சேரும். அந்தக் கூட்டை வரைவதும், அளவெடுப்பதும், மடக்கச் சொல்லிப் பக்கத்தில் நிற்பதும் என் பொறுப்பு. மெக்கானிக்கல் படித்து முடித்த நாளிலிருந்து என் பொறுப்பு. உள்ளூரிலேயே கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அவனைப் பள்ளியில் சேர்த்த பிறகும் காலையில் முதல் ஆளாக நான்தான் பட்டறைக்கு வந்தேன். தம்பிக்கு வெளியே போய் ஆர்டர் பிடிக்கிற வேலை. வரைபடத்தைக் காட்டினால் கொட்டாவி விடுவான். அப்பா அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். பட்டறையில் அவர் 'அப்பு' என்று கூப்பிடுவது என்னை மட்டும். ஆண்பிள்ளையைக் கூப்பிடுகிற சொல். அம்மா கோபித்துக்கொண்டும் அவர் மாற்றவில்லை. எனக்கு அது ஒரு பட்டம் மாதிரி.

இப்போது இவள் வந்துவிட்டாள். இவளும் மெக்கானிக்கல். கோயம்புத்தூரில் ஃபேன் செய்கிற கம்பெனி ஒன்றில், காற்று எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதையே வேலையாகச் செய்தவள்.

ஒரு மாதத்துக்குள் எனக்கு எதிரே அவளுக்கு ஒரு மேசை போட்டார்கள். அவள் வரைபடத்தில் எழுதும் எண்கள் ஒவ்வொன்றும் கோலப்புள்ளி மாதிரி அழகாக இருக்கும். டீ வந்தால் அப்பா எழுந்து போய் அவளுக்கு ஒரு கிளாஸ் எடுத்துக் கொடுப்பார். எனக்கு அவர் ஒருநாளும் எடுத்துக் கொடுத்ததில்லை. நானே எடுத்துக்கொள்வேன், அது எனக்குக் குறையாகவும் தெரிந்ததில்லை. "மாமா, சித்த இதைப் பாருங்களேன்," என்று அவள் சொன்னால், அப்பா போனில் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு வருவார். எல்லாம் அந்த 'ங்க' செய்கிற வேலை என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாள் நானும் சொல்லிப் பார்த்தேன். "அப்பா, இந்த அளவு சரிதானுங்களா?"

அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏன், உடம்புக்குச் சொகமில்லையா?"

எதிர் மேசையில் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். 

அந்தச் சித்திரையில் நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர் அப்பாவிடம் வந்தார். மல்லிகை வாடாமல் வைக்கக் குளிர்அறை கட்டியிருந்தார். அதற்கு நாங்கள்தான் ஜெனரேட்டருக்குப் பெட்டி செய்து கொடுத்திருந்தோம். உச்சி வெயிலில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் சூடேறித் தானாக நின்றுவிடுகிறதாம். "பூ என்ன, நெல்லாங்க? மூடை கட்டிப் போட்டு வைக்க?" என்றார். பெட்டியும் கூடும் நான் வரைந்தவை.

"அந்தப் புள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டு வா," என்றார் அப்பா.

ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தாள். போனதும் ஜெனரேட்டரை ஓடவிட்டு, வியாபாரியின் சாமி படத்துக்கு முன்னாலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கேட்டு வாங்கிப் பற்றவைத்தாள். ரேடியேட்டரின் வெளிப்பக்கம் நடுவில் காட்டினாள்; புகை பிய்த்துக்கொண்டு பறந்தது. மூலையில் காட்டினாள், அங்கே புகை மெல்ல உள்ளே இழுபட்டது. வெளியே தள்ள வேண்டிய இடத்தில் காற்று பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கும் அந்தச் சோதனை தெரியும். நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். என் கூட்டில் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. அதுதான் என்னைச் சுட்டது.

திரும்பி வந்ததும் அவள் ஒரு வளையம் வரைந்தாள். கூட்டின் ஓட்டையில் பொருத்துகிற வளையம். காற்று நுழைகிற பக்கம் அதன் உதடு வெளியே சுருண்டு, நாதஸ்வரத்தின் வாய் போல விரிந்திருந்தது. வெட்டின விளிம்பில் முட்டித் திரும்புகிற காற்று அந்த வளைவில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அழகான வளையம். பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அதற்குப் போட்டியாக நான் இன்னொன்று வரைந்தேன். விளிம்பு எப்படி இருந்தால் என்ன, ஃபேன் பிளேடின் நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள சந்தைக் குறைத்தால் போதும், அதன் வழியாகத் திரும்பி ஓடுகிற காற்று நின்றுவிடும் என்பது என் கணக்கு. தப்பான கணக்கும் இல்லை. அவள் விட்ட சந்தில் சுண்டுவிரல் தாராளமாக நுழையும். நான் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் மட்டும் நுழைகிற அளவுக்கு நெருக்கினேன்.

அதே மாதிரி ஜெனரேட்டர் ஒன்று பட்டறையில் இருந்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் தகடுகளை இறக்கி, அதன் கரண்டையெல்லாம் அந்தத் தண்ணீர் குடிக்கிற மாதிரி முழு லோடு கொடுத்துச் சோதித்தோம். முதலில் அவளுடையது. பழைய கூட்டைவிட நன்றாகவே சூடு குறைந்தது. பிறகு என்னுடையது. சூடு இன்னும் குறைந்தது. அப்பா மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்காக எத்தனை மாதமாகக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் பக்கம் திரும்பி, முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். அவள் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சினை நிறுத்தச் சொன்னார் அப்பா. டீசல் எஞ்சின் ஓடும்போது ஒரு சீராக ஓடும். நிற்கிற சமயத்தில் உடம்பை உலுக்கிக்கொண்டு நிற்கும். எஞ்சின் ரப்பர் கால்களில் நிற்கிறது, என் வளையம் ரேடியேட்டரோடு அசையாமல் இருக்கிறது. உலுக்கியதில் பிளேடு வளையத்தில் உரசியது. பல்லெல்லாம் கூசுகிற மாதிரி ஒரு கிறீச்சல். பிளேடின் நுனி பிய்ந்து தகரத்தில் குத்தி நின்றது.

அப்பா கிட்டே வந்தார். குனிந்து பிளேடைத் தடவிப் பார்த்துவிட்டு, நிமிராமலே, "அப்பு, நீ என்ன சொல்றே?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் திரும்பியது அவள் பக்கம்.

"நங்கையா சொன்னது கரெக்டுதானுங்க மாமா. சந்து கம்மியானா காத்து நல்லாத்தான் வருது. எஞ்சின் ஆடறதுக்குத்தான் இடம் விடோணும்," என்றாள்.

அவள் எனக்காகப் பேசினாள் என்பதெல்லாம் என் காதில் ஏறவில்லை. அப்பு என்ற சொல் மட்டும்தான் ஏறியது. கை கழுவப் போவதுபோலப் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வீட்டு விசேஷத்துக்காக நத்தம் போனோம். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தது. பழைய பஸ். கியர்க் கம்பி குலுங்கிக்கொண்டே வந்தது. தரை அதோடு குலுங்கவில்லை. கம்பியின் அடியில் ஒரு ரெக்சின் பாவாடை கட்டியிருந்தார்கள். கம்பி எந்தப் பக்கம் ஆடினாலும் அது சுருங்கி விரிந்து, கீழிருந்து தூசியும் சூடும் மேலே வராமல் பார்த்துக்கொண்டது. "என்ன, கியரையே மொறைக்கிற?" என்றார் கணவர். என் வளையத்தை ரேடியேட்டரில் மாட்டாமல் எஞ்சினிலேயே மாட்டிவிட்டால் என்ன? ஃபேனும் வளையமும் சேர்ந்து ஆடட்டும். வளையத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் இந்த மாதிரி ஒரு பாவாடை. விசேஷத்தில் என்ன பேசினேன், என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

திங்கட்கிழமை வரைந்து பார்த்தேன். எல்லாம் பொருந்தி வந்தது, ஒன்றைத் தவிர. என் வெட்டு விளிம்பைவிட அவளுடைய வளைந்த உதடுதான் அதற்கு வேண்டும். அதை மறைத்து எத்தனை விதமாக வரைந்தாலும் பென்சில் அங்கேதான் போய் நின்றது. மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, எதிர் மேசைக்குப் போனேன்.

"ஒன்னோட வளையம் எனக்கு வேணும்."

"எடுத்துக்கோங்க," என்றாள். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவ்வளவு சுலபமாகக் கொடுத்ததற்காகவும் அவள்மேல் எரிச்சல் வந்தது.

பாவாடைக்கு முதலில் தோல் கேட்டேன். அப்பாவுக்குப் பழக்கமான தோல் வியாபாரி ஒருவர், "சூட்டுல வெறைச்சுப் போயிரும்மா. ரப்பர் பூசுன துணி போடு," என்று கையோடு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். உதட்டை அப்படியே வைத்து, சந்தை என் அளவுக்கு நெருக்கினோம். மாட்டி, ஓட்டி, நிறுத்தினோம். எஞ்சின் உலுக்கியது, வளையமும் கூடவே உலுக்கியது, உரசவில்லை. ரேடியேட்டரின் நான்கு மூலையிலும் புகை வெளியே பறந்தது.

நிலக்கோட்டையில் மாட்டியபோது அப்பாவும் வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. வேண்டுமென்றே மெயினை அணைத்துவிட்டு ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். அது நிற்கவே இல்லை. வியாபாரி குளிர்அறைக்குள் போய் மல்லிகைக் கூடையில் கைவிட்டுப் பார்த்துவிட்டு வந்து, "யாரு சார் செஞ்சது?" என்றார்.

"எங்க மருமக டிசைன்," என்றார் அப்பா. அப்படி ஒரு பெருமை குரலில்.

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"இல்லீங்க மாமா, வளையத்த எஞ்சின்ல மாட்டுனது நங்கையாதானுங்க. அது இல்லீனா என்னோடது இந்த வெயிலுக்கு நிக்காதுங்க," என்றாள் அவள், வியாபாரிக்கும் கேட்கிற மாதிரி.

"ரெண்டு பேருந்தான்," என்றார் அப்பா.

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அவளைத் தாராளமாக வெறுத்திருக்கலாம். அந்த வசதியையும் எடுத்துக்கொண்டாள். நல்லவளாகவும் இருக்கிறாளே என்பது என் பொறாமையில் புதிதாகச் சேர்ந்தது.

அப்பா வேனில் போய்விட, நாங்கள் ஸ்கூட்டரில் திரும்பினோம். காந்திகிராமம் தாண்டி ஒரு கடையில் டீ குடிக்க நிறுத்தினேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் திடீரென்று சொன்னாள்:

"உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குதுங்க."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "என்னையவா? எதுக்கு?"

"மாமா உங்களைத் திட்டறாருங்க. கத்தறாரு. நீங்களும் திருப்பிக் கத்தறீங்க. அப்பறம் ரெண்டு பேரும் ஒண்ணாச் சாப்புடறீங்க. என்னைய இன்னைக்கு வரைக்கும் ஒரு சொல்லு சொன்னதில்லீங்க. டீ எடுத்துக் குடுக்கறாரு. விருந்தாளிக்குக் குடுக்கறாப்பல."

"ஒன்னைய அப்புன்னு கூப்பிட்டாரே."

"அதுக்குத்தாங்க எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. உங்களத்தான் கூப்பிடறாருன்னு நெனச்சேன். அவரு என்னையப் பாக்கவும் என்ன சொல்றதுன்னே தெரியலீங்க."

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் வந்தது சந்தோஷம். உள்ளங்கால்வரை இறங்கிய சந்தோஷம். என்னிடம் இருக்கிற ஒன்று இவளிடம் இல்லை. இன்னொரு டீ சொன்னேன், அவளுக்கும் சேர்த்து. நிலக்கோட்டைக்குப் போகும்போது அவள் வாங்கிக் கொடுத்த மல்லிகை என் தலையில்தான் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அது நடந்து இரண்டு கோடை போய்விட்டது. போன அறுவடைக்கு முன்னால் அறுப்பு மிஷின்காரர் ஒருவர் வந்தார். வைக்கோல் தூசி ரேடியேட்டரை அடைத்து மிஷின் வயல் நடுவில் நின்றுவிடுகிறது என்றார். அந்த வேலையை அப்பா அவளிடம் கொடுத்தார். அவள் ரேடியேட்டருக்கு முன்னால் வைக்க வரைந்த தூசி வலையின் தகரச் சட்டத்தில் அளவு ஓரிடத்தில் பிசகி, தகரம் முழுக்க வெட்டிய பிறகுதான் தெரிந்தது.

"ஏத்தா, கண்ண எங்க வச்சிருந்த? இம்புட்டுத் தகரத்தையும் வீணாக்கிட்டியே!" என்று அப்பா பட்டறையே அதிரக் கத்தினார். வெல்டிங் செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

அவள் முகம் சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்ல என் பக்கம் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது அழுகை இல்லை.

எனக்கென்று மிச்சமிருந்த அந்தத் திட்டும் அவளுக்குப் போயிற்று.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அப்பா இன்னும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவள் கொண்டுவந்திருந்த வெஞ்சனத்தை எனக்கு முதலில் வைத்தாள். புடலங்காய்க் கூட்டு. நன்றாகத்தான் இருந்தது, நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் சொன்னேன். கை கழுவிவிட்டு வந்து, வீணான தகரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று இருவரும் சேர்ந்து அளந்து பார்த்தோம்.