வேர்ப்பக்கம் முன்னால்

“ஒரு குரல் குடுத்திருந்தா நாங்க ஆறு பேரும் வந்து வண்டியத் தூக்கியே விட்டிருப்போமே தங்கச்சி. ஏன் கூப்பிடல?”

போன ஐப்பசியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று ஓர் அக்கா என்னைக் கேட்டது இது. நான் முதுகலை படித்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பள்ளியில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவள். இந்த ஒரு கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. செய்து பார்த்த பதில்கள் நிறைய இருக்கின்றன. எதுவும் எனக்கே ஒப்பவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருப்பனந்தாள் பக்கம். என் கணவருக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு மூன்று சக்கர லோடு ஆட்டோவும் இருக்கின்றன. உர மூட்டை, நெல் மூட்டை, நாற்றுக்கட்டு எல்லாம் அதில்தான் போகும். மெயின் ரோட்டுக்கு வர வாய்க்கால் கரை மேல் ஒரு மைல் மண்பாதை. சுற்றிக்கொண்டு போனால் தார் ரோடு உண்டு, ஆனால் அரை மணி நேரம் கூடும். மழைக் காலத்தில் கேஜ் வீல், அதாவது சேற்று உழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம், போட்ட டிராக்டர்கள் அந்தக் கரையை உழுது வைத்துவிடும். நான்கு சக்கர வண்டியாக இருந்தால் டிராக்டர் தடத்திலேயே போய்விடலாம். எங்கள் வண்டிக்குப் பின்சக்கரம் இரண்டும் தடத்தில் ஓடும், முன்சக்கரம் நடுவில் இருக்கும் மண்மேட்டில் ஏறி இறங்கும். அது ஒரு பக்கம் வழுக்கினால் பின்னால் இருப்பது மறுபக்கம் புதையும்.

அன்று மதியம் என் மகள், அப்போது அவளுக்கு இரண்டரை வயது, ஒரு காய்ந்த பட்டாணியை மூக்குக்குள் தள்ளிவிட்டாள். எடுக்கப் போன என் சுண்டுவிரல் அதை இன்னும் உள்ளே தள்ளியது. போனில் தேடினேன். பட்டாணி ஈரத்தில் ஊறிப் பருக்கும் என்று ஓர் இடத்தில், மூச்சுக்குழலில் இறங்கும் என்று இன்னோர் இடத்தில். அதற்குமேல் நான் படிக்கவில்லை. படித்திருக்க வேண்டும்.

“சுத்திப் போயிடலாமா?” என்றார் கணவர்.

“கரையிலயே போங்க. நேரமில்ல,” என்றேன் நான். இதை இங்கே எழுதிவைப்பது நல்லது. பின்னால் இதை யாரும் சொல்லவில்லை.

பாதிக் கரையில் வண்டி புதைந்தது. இறங்கிப் பார்த்தேன். இடது பின்சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில். இந்த வண்டியில் எந்தச் சக்கரம் சேற்றில் இருக்கிறதோ அதுதான் சுற்றும். கெட்டியில் நிற்பது சும்மா நிற்கும். கணவர் சாக்கு இரண்டைச் சுருட்டிச் சக்கரத்துக்கு முன்னால் திணித்தார். சக்கரம் அவற்றை விழுங்கிப் பின்பக்கமாகத் துப்பியது. ஒன்று என் வயிற்றில் வந்து அடித்தது. மகள் முன்சீட்டில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, சளி ஒழுக, ஸ்டியரிங்கைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

கரை ஓரத்தில், கைக்கெட்டும் தூரத்தில், நாற்று முடிகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. அதில் தெரியாத்தனம் ஒன்றும் இல்லை. அவை யாருடையவை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். முதல் நாள் சாயங்காலம் அவற்றைக் கொண்டுவந்து இறக்கியதே எங்கள் வண்டிதான். என்னைக் கேள்வி கேட்ட அந்த அக்கா அங்கே இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கருக்கும் குறைவு, குத்தகைக்கு எடுத்திருந்தார். முதலில் நட்டது மழையில் அழுகிப்போய், அண்ணன் ஊரில் கெஞ்சி வாங்கி வந்த நாற்று அது. மறுநாள் நடுவதாக இருந்தார். அன்றைக்குக் கூலி நடவுக்குப் போயிருந்தார். இரண்டு வயல் தள்ளி மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து அவரையும் சேர்த்து நடவுப் பெண்கள் ஆறு பேரும் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். தலையில் மழைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் சாக்குகள் நீலமும் வெள்ளையுமாக எனக்குத் தெரிந்தன. அவர்களைப் பார்த்தேன். இதையும் எழுதிவைக்கிறேன்.

நான் நாற்று முடிகளைக் கைக்கு இரண்டாகத் தூக்கி வந்தேன்.

“அது அந்தக்கா நாத்து,” என்றார் கணவர்.

“தெரியும். வைங்க.”

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து வாங்கி வைத்துவிட்டு, ஏறி வண்டியை எடுத்தார். முதல் இரண்டு முடி வழுக்கிக்கொண்டு போயின. தாள் பச்சையாக, வழவழவென்று இருக்கும் அல்லவா.

“வேர்ப்பக்கம் முன்னால வையி. வேர் பிடிக்கும்,” என்றார்.

வேர் பிடித்தது. மண்ணோடு பின்னிக் கிடந்த வேர் சக்கரத்தைக் கவ்வ, வண்டி ஒரு சாண் ஏறியது. இன்னும் நாலு முடி. இன்னொரு சாண். நான் ஓடி ஓடி எடுத்து வந்தேன். அந்த வேலையில் எனக்கு ஓர் உற்சாகம்கூட வந்தது, அது நினைவிருக்கிறது. அடுக்கில் பாதிக்குமேல் தீர்ந்தபோது வண்டி குதித்து வெளியே வந்தது. கெட்டித் தரை வரை நிற்காமல் போய், எனக்காக அங்கே நின்றது. நான் செருப்பில்லாமல் ஓடி ஏறினேன்.

திரும்பிப் பார்த்தபோது அந்த அக்கா வரப்பில் ஓடி வந்துகொண்டிருந்தார். சோற்றுக் கையை உதறிக்கொண்டு எதையோ கத்தினார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அங்கே தரை கெட்டி, வண்டி நிற்கலாம். இறங்கி இரண்டு வார்த்தை சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும்.

“கிளம்புங்க,” என்றேன்.

கும்பகோணத்தில் காது மூக்கு டாக்டர் ஒரு வளைந்த கம்பியை விட்டுப் பட்டாணியை எடுத்து டிஷ்யூவில் வைத்துக் காட்டினார். மகள் தும்மிவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்கா இப்படிச் சேறும் சகதியுமா வந்து நிக்கிறீங்க? நாளைக்குக் காலையில வந்திருந்தாலும் இதே வேலைதாம்மா,” என்றார்.

வரும்போது கணவர் என்னைக் கேட்காமலே தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை, விஷயம் ஊருக்குத் தெரிந்தபின், அந்த அக்கா வந்தார். சண்டை போடத்தான் வந்திருப்பார் என்று நினைத்து உள்ளேயே நின்றேன். அவர் முதலில் கேட்டது, “பாப்பாவுக்கு எப்படி இருக்கு?”

“ஏதோ சாமி புண்ணியம், உசிரு தப்பிச்சுது,” என்றார் அத்தை, என் மாமியார். “மூச்சே நின்னு போயிருக்கும்னு டாக்டர் சொன்னாராம்.”

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அத்தையிடம் நாங்கள் டாக்டர் சொன்னதையே சொல்லவில்லை. நான் வாசலுக்கு வந்து நின்றேன். உண்மை என் வாய் வரைக்கும் வந்திருந்தது. அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஏன் கூப்பிடல.

நான் வாய் திறப்பதற்குள் அத்தை சொன்னார். “கொழந்த உசிரு பெருசா, ஒன் நாத்து பெருசா? நீயும் பெத்தவதானே?”

“நாத்துன்னு நான் ஒன்னும் சொல்லலியேம்மா,” என்றார் அவர். என்னைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். வாய்க்காலில் உட்கார்ந்து, நசுங்கியதில் உயிருள்ளதைப் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்ததாகக் கணவர் வந்து சொன்னார். மிச்சத்தோடு சேர்த்து ஒரு மா அளவுக்குத் தேறியதாம்.

நாலாம் நாள் எங்கள் வயலில் நடவு. அதே ஆறு பேர் வந்தார்கள். கூலி வேலையை விட்டுவிட அவருக்கு வசதி இல்லை. நான் டீ கொண்டுபோனேன். ஒருத்தி வாங்கிக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம், “டம்ளரப் பாத்துப் புடிடி. கீழ வச்சா சக்கரத்துக்குக் குடுத்துருவாங்க,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. டீயை மட்டும் வேண்டாம் என்றார். வயிறு சரியில்லையாம்.

நட்டு முடித்தபின் எங்கள் வரப்பில் நாற்று மிஞ்சியிருந்தது. ஒரு மாவுக்குத் தாராளமாகப் போதும். நான் அத்தையைப் பார்த்தேன். டீ வாங்கும்போது சக்கரத்தைச் சொன்ன அதே பெண்தான் கேட்டாள்.

“மிச்சம் கெடக்கே, என்ன பண்ணப் போறீங்க?”

“மாட்டுக்கு,” என்றார் அத்தை.

அந்த அக்கா வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் மெல்ல எடுத்துச் சொன்னேன். அத்தை பொறுமையாகத்தான் பதில் சொன்னார். “குடுத்தா தப்பு நம்ம மேலதான்னு ஆயிடும்மா. ஒனக்காகத்தான் சொல்றேன்.” மாடு இரண்டு நாள் தின்றது. இரண்டு நாளும் மாட்டுக்கு அள்ளிப் போட்டது நான்தான்.

அதற்குப் பிறகுதான் வண்டியைத் தயார் செய்ய ஆரம்பித்தேன். மகள் தூங்கும் நேரமெல்லாம், சேற்றில் புதைந்த வண்டியை எடுக்கும் வழிகளையே போனில் பார்த்தேன். பழைய இரும்புக் கடையில், கட்டடச் சாரத்துக்குப் போடும் ஓட்டை விழுந்த இரும்புப் பலகை இரண்டு கிடைத்தது. இடுப்பு உயரத்துக்கு வெட்டி, ஓரங்களை ராவி வாங்கினோம். ஓட்டை விளிம்புகள் டயரைக் கவ்வும். அடிப்பக்கம் சேற்றில் நழுவாமல் இருக்க நாலு கம்பித் துண்டுகளைக் குறுக்கே பற்ற வைத்தோம். பின்சக்கரத்தில் சுற்ற நைலான் கயிறு, சக்கரத்துக்கு ஐந்து துண்டு. டயருக்குள் இருக்கும் இரும்பு வட்டின் ஓட்டை வழியாக விட்டு டயர் மேல் இழுத்து முடிந்தால் சேற்றிலும் பிடிக்கும். காற்றைப் பாதியாக இறக்கினால் டயர் அகலமாகப் படியும். திரும்ப அடிக்கக் கால் பம்பு. ஜாக்கி மட்டும் வைத்தால் அதுவும் சேர்ந்து புதையும் என்பதால் அதற்கு அடியில் வைக்க ஒரு பனஞ்சட்டம். வாய்க்கால் கரையில் கட்டி இழுக்க மரம் கிடையாது, அதற்காகக் கரையில் அடிக்க ஒரு கடப்பாரை, அதில் மாட்டிக் கையால் வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச். பெட்டிக்குள் அடங்கக் கைப்பிடியைக் குட்டையாக வெட்டிய மண்வெட்டி. எல்லாவற்றையும் வண்டி ஓரத்தில் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கினேன். எடுக்கும் வரிசையில் அடுக்கி, மூடியின் உட்பக்கம் அந்த வரிசையை எழுதி ஒட்டினேன்.

கணவர் முதலில் சிரித்தார். பிறகு களத்தில் தண்ணீர் விட்டுச் சேறாக்கி, வண்டியை வேண்டுமென்றே இறக்கி ஏற்றிப் பார்த்தார். ஏறியது. “இனிமே எவன் கையையும் எதிர்பாக்க வேணாம்,” என்று பெட்டியைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று சாயங்காலம்தான் அந்தப் பெருமை என்னை உறுத்தியது. அந்த அக்கா கேட்டது ஏன் கூப்பிடல என்று. நான் அதற்குச் செய்த பதில் இந்தப் பெட்டி.

கார்த்திகையில் வண்டி மறுபடி புதைந்தது. கிட்டத்தட்ட அதே இடம். மகளைச் சளிக்கு ஊசி போட அழைத்துப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம், அவசரம் ஒன்றும் இல்லை. களை பறிக்க வந்த பெண்கள் இந்த முறை பக்கத்து வயலிலேயே இருந்தார்கள். வேலையை நிறுத்தி நிமிர்ந்து நின்றார்கள். ஒருத்தி கரையேற ஓர் அடி வைத்தாள்.

“எங்கடி போற? அவங்ககிட்ட பெட்டி இருக்கு,” என்றாள் பின்னால் நின்றவள்.

நான் வாய் திறந்திருக்கலாம். “கொஞ்சம் தள்ளி விடுறீங்களா அக்கா,” அவ்வளவுதான் வேண்டும். அந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடுவேனா என்று பார்த்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அன்று, என்னைக் கேவலமாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்தேன்.

காற்றை இறக்கி, கயிறு சுற்றி, மண் வெட்டி, பலகை வைத்து, கடப்பாரை அடித்து, அது பிடுங்கிக்கொண்டு வர இன்னோர் இடத்தில் அடித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர்கள் வந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. வண்டி வெளியே வந்தது. மகள் வண்டியிலிருந்து அவர்களுக்குக் கை ஆட்டினாள்.

“பாப்பா, மூக்குல ஒன்னும் போட்டுக்கலயே?” என்று கேட்டார் அந்த அக்கா. குரலில் கேலி இருந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. மகள் மூக்கை நிமிர்த்திக் காட்டினாள்.

அவருடைய நிலத்தில் ஒரு மா அந்தப் பருவம் முழுக்கத் தரிசாகக் கிடந்தது. அறுவடை முடிந்ததும், பாதி நிலத்தைப் போட்டு வைத்தவருக்குக் குத்தகை எதற்கு என்று நிலக்காரர் இரண்டு மாவையும் வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். இப்போது அவருக்குக் கூலி வேலை மட்டும்தான். இந்த வருடம் நாற்றங்காலில் கூடுதலாக விதைக்க வேண்டும் என்று நான் கணவரிடம் சொல்லி வைத்திருந்தேன், காரணம் சொல்லாமல். அவரும் கேட்காமல் விதைத்துவிட்டார். நாற்று நன்றாக வந்திருக்கிறது. கொடுத்தால் அவர் அதை எங்கே நடுவார்?

இதைப் படிப்பவர்களிடம் கேட்கிறேன். டாக்டர் உண்மையில் சொன்னதை அவரிடம் போய்ச் சொல்வதா? சொன்னால் என் மனம் கொஞ்சம் லேசாகும், அவருக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. தன் நாற்று ஒரு குழந்தையின் உயிருக்காகத்தான் போயிற்று என்பது மட்டும்தான் அவரிடம் மிச்சம் இருக்கிறது. அதையும் நான் எடுத்துவிடாமல் இருப்பதுதான் சரியா, அல்லது அதை விட்டுவைத்திருப்பதுதான் பெரிய திருட்டா?

இன்னொன்று. மழை தொடங்கிவிட்டது. இந்த வருடமும் அந்த இடத்தில் வண்டி புதையும், அவர் பக்கத்து வயலில் இருப்பார். பெட்டியை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிறேன். அப்படி நின்றால் அவரைக் கூப்பிட எனக்கு உரிமை உண்டா? உண்டென்றால் முதல் வார்த்தை என்னவாக இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.