கோடு போட்டவளும் அரிசி நிரப்பியவளும்

சாயம் போட்ட அரிசி வெயிலில் காயும்போது வரும் வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்; ஊறிய பச்சரிசியின் லேசான புளிப்பும், சாயப்பொடியின் மருந்து வாடையும், அடியில் விரித்த பழைய சீன நாளிதழின் மையும் சேர்ந்து மூக்கு நுனியிலேயே குடியேறிவிடும். எனக்குப் பன்னிரண்டு வயதில் வந்த தீபாவளிக்கு முந்தின வாரம் முழுக்க அந்த வாடையோடுதான் தூங்கினேன்; நகக்கண்ணில் ஏறிய நீலத்தோடுதான் சோறு பிசைந்தேன். எவ்வளவு தேய்த்தாலும் போகாத அந்த நீலத்தை மற்ற பிள்ளைகள் பெருமையாகக் காட்டித் திரிந்தார்கள், நான் மட்டும் கையைப் பாவாடையில் ஒளித்துக்கொண்டேன். நீலம் அதிகமாக ஒட்டிய கை, கோடு போடாத கை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

மலேசியாவின் கிள்ளானில் இருந்த ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில், எங்கள் பகுதி இளைஞர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் பெரிய அரிசிக் கோலம் போடுவார்கள். மாறன் அண்ணன்தான் தலைமை. துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை, கோலத்துக்காகவே ஆண்டு விடுப்பைச் சேர்த்து வைத்திருப்பார். அங்கே பிள்ளைகள் இரண்டு ரகம். மூன்று மணிக்குச் சரியாக வந்து நிற்பவர்கள் "கோடு கூட்டம்", அவர்களுக்குச் சாக்கட்டியும் நூலும் கிடைக்கும். குப்புறப் படுத்துக்கொண்டு மயிலும் தாமரையும் வரைவார்கள். அதற்கப்புறம் எப்போது வந்தாலும் "அரிசி கூட்டம்". பின்பக்கம் லோரி நிற்கும் இடத்தில் அரிசிக்குச் சாயம் பிசறி, காய வைத்து, அள்ளி வந்து, மற்றவர்கள் போட்ட கோட்டுக்குள் சிந்தாமல் நிரப்ப வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் ஆறரை மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

பண்டமாரானில் மூன்றாவது மாடி வீடு எங்களுடையது. அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் பிற்பகல் "ஷிஃப்ட்", இரண்டரைக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். துறைமுகத்தில் லோரி ஓட்டிய அப்பா வீடு திரும்ப ஆறு மணி ஆகும். இடைப்பட்ட நேரத்தில் ஏழு வயதும் ஐந்து வயதுமான இரண்டு தம்பிகளும், காய்ந்த துணியும், உலையும், கூட்டாத கூடமும் என் பொறுப்பு. யாரும் என்னை அடித்து வேலை வாங்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "மொதல்ல சோறு, அப்புறம் படம்" என்பார் அம்மா, அதுவும் அன்பாகத்தான். ஆனால் எனக்குப் படம்தான் முதலில் வேண்டியிருந்தது. நாள்காட்டித் தாளின் பின்பக்கம், தம்பியின் கணக்குப் புத்தகம், பிஸ்கட் பெட்டியின் அட்டை என்று எதையும் விட்டுவைத்ததில்லை. உலை கொதித்து வழியும்வரை வரைந்துகொண்டிருந்து, அடுப்பையும் துடைத்து, திட்டும் வாங்கிக்கொள்வேன்.

ஷாமினி எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் வரிசையாக இருந்த "தெரஸ்" தனிவீடுகளில் ஒரு வீட்டுப் பெண். அவள் அம்மா ஆசிரியை. வீட்டு வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு "கக்காக்" இருந்தார். ஷாமினி குடித்த குவளையை ஷாமினி கழுவி நான் பார்த்ததே இல்லை. சனிக்கிழமைதோறும் அவள் அப்பா காரில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை கூட்டிப்போய் ஓவிய வகுப்பில் விடுவார். நாற்பத்தெட்டு நிறப் பென்சில்கள் அவளிடம் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரே உயரத்தில். பென்சில்கூடப் போகட்டும், அந்த மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரையான நேரம் இருந்ததே, அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. அவள் கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட்டால் பென்சிலைத் தந்துவிடுவாள், கேட்காவிட்டாலும் தருவாள், இதனாலேயே நான் வாங்குவதில்லை.

நான்காவது நாள் மாலை, அரிசி கொட்டி வைத்த அட்டையின் ஓரத்தில் நான் சும்மா கிறுக்கியிருந்த ஒரு மயிலை மாறன் அண்ணன் பார்த்துவிட்டார். அட்டையைத் தலைகீழாகப் பிடித்தார், நேராகப் பிடித்தார், கோடு கூட்டத்தில் இருந்த ஷாமினியையும் என்னையும் கூப்பிட்டார்.

"இது யாரு போட்டது, நீயா வாசு? இத்தன நாளா அரிசி அள்ளிக்கிட்டு இருந்த? நாளைக்கு நடுவுல ரெண்டு மயிலு மூஞ்சிக்கு மூஞ்சி பாக்குற மாதிரி வருது. ஒண்ணு ஷாமினி போடட்டும், ஒண்ணு நீ போடு. மூணு மணிக்கு வந்துரணும், சரியா? சாயந்திரம் நெரப்பணும்லா, லேட்டா வந்தா வேலைக்கு ஆவாது."

அன்று வீட்டுக்கு ஷாமினியின் அம்மா காரில்தான் வந்தோம். பின் இருக்கையில் அவள் மயிலின் கழுத்தைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மறுநாள் காலை அம்மா எழுந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அம்மா தேநீரை ஆற்றியபடி முழுக்கக் கேட்டார், முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

"நல்லதுதான் ஆயி. ஆனா தம்பிங்கள யாரு பாக்குறது? தீபாவளி நேரத்துல லீவு கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சிய காட்டுவான். அப்பா வந்ததும் ஓடிப் போ."

நான் அழவில்லை, துணியை மடித்தேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். அம்மா பஸ் ஏறிய பத்தாவது நிமிடம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஷாமினி மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றாள். கீழே கார் காத்திருந்தது.

"கெளம்பலையா?"

"தம்பிங்க இருக்காங்க. அப்பா வந்தாத்தான்."

அவள் எட்டி உள்ளே பார்த்தாள். பெரிய தம்பி சுவரில் பந்து அடித்துக்கொண்டிருந்தான், சின்னவன் கால்சட்டை இல்லாமல் ரொட்டி தின்றுகொண்டிருந்தான், பாதி மடித்த துணி நாற்காலியில் குவிந்து கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள்.

"அப்ப நீ போடி. நான் பாத்துக்குறேன், துணியும் மடிச்சி வெக்கிறேன். கார்ல எங்கம்மா இருக்காங்க, உன்ன அங்க விட்டுட்டு அவங்களயும் மேல வரச் சொல்றேன், பயப்படாத. ரெண்டு மயிலயும் நீயே போடு. நான்தான் நாலு நாளா போட்டுக்கிட்டே இருக்கேன்லா."

இத்தனை வருடம் கழித்தும் அந்த நொடியை நினைத்தால் என் காது சூடாகிறது. நான் கேட்ட மூன்று மணி நேரம் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றது. ஒரே ஒரு "சரி" போதும். எனக்கோ, எது நான் தலைகீழாக நின்றாலும் கிடைக்காதோ, அதை இவளால் இவ்வளவு அலட்சியமாகத் தூக்கிக் கொடுக்க முடிகிறதே என்பதுதான் பொறுக்கவில்லை. இவள் கொடுத்து நான் வரைந்தால் அந்த மயிலும் இவளுடையதாகத்தானே ஆகும் என்று தோன்றியது.

"தேவையில்ல. எங்க வீட்டு வேலைய செய்ய எங்களுக்குத் தெரியும். நீ போய் உன் மயிலப் போடு."

செருப்பை மாட்டிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, அவ்வளவுதான். படியில் அவள் இறங்கும் சத்தம் முழுவதும் கேட்டு முடித்த பிறகுதான் கதவைச் சாத்தினேன்.

ஆறரைக்கு நான் போனபோது இரண்டு மயில்களும் தயாராக இருந்தன. அவள் போட்ட இரண்டாவது மயிலுக்குக் கழுத்து சற்றுத் தடித்து, வாத்து மாதிரி இருந்தது. அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை இங்கே மறைக்கப் போவதில்லை. அந்த வாத்துக் கழுத்தை நானே உட்கார்ந்து நீல அரிசியால் நிரப்பினேன், ஒரு மணிகூட வெளியே சிந்தாமல். தீபாவளி முழுக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன். மாறன் அண்ணன் அடுத்த ஆண்டு என்னைக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் முப்பது ஆண்டுகளாக நான் எல்லாரிடமும் ஒரே கதையைத்தான் சொல்லி வந்தேன். எனக்கு வரையத் தெரியும், வீட்டு வேலைதான் விடவில்லை. அலுவலகத்தில் சொன்னேன், கணவரிடம் சொன்னேன், பிள்ளைகள் தங்கள் ஓவியப் போட்டிச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டியபோது அவர்களிடமும் பெருமூச்சோடு சொன்னேன். கேட்டவர்கள் பாவப்பட்டார்கள். ஷாமினி தெரஸ் வீட்டுப் பெண், அவளால் முடியும், என்றும் சேர்த்துக்கொள்வேன்.

இப்போது அந்தப் பேரங்காடி மூடிக் கிடக்கிறது. தரையில் கோலம் போட்ட இடத்தில் யாரோ மலிவு விலை மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தம்பிகள் இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. என் பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள், கணவர் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்கிறார், துணியை இயந்திரம் துவைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் வீடு துடைத்துவிட்டது போல் ஆகிவிடுகிறது. ஷாமினியின் வீட்டிலோ படுத்த படுக்கையாக அவள் அம்மா, பள்ளிக்குப் போகும் இரட்டைப் பிள்ளைகள், பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை. கக்காக் யாரும் இல்லை. அவள் கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வந்து சேர்வதற்குள் ஒரு படம் வரைந்துவிடுகிறாள். தூங்கி வழியும் பயணி, கிளினிக்கில் எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் ஆன்டி, அம்மாவுக்குக் கஞ்சி ஆறும் கிண்ணம் என்று வாரத்துக்கு மூன்று நான்கு படங்கள் என் கைப்பேசியில் வந்து விழுகின்றன. எல்லாம் கால் மணி நேரப் படங்கள். கழுத்தெல்லாம் இப்போது சரியாக வருகிறது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, அன்றைக்குக் காட்டிய காரணம்தான் இல்லை.

போன வாரம் அவளிடமிருந்து குரல்பதிவு வந்தது. "வாசு, ஞாயித்துக்கெழம எங்க வீடு இருக்குற தாமான்ல அரிசிக் கோலம் போடுறோம். கோடு போட ஆளு இல்லடி. வர்றியா?"

சோஃபாவில் படுத்தபடி இரண்டு முறை கேட்டேன். பிறகு, "சாரிலா, அன்னைக்கு வீட்டுல வேல நெறைய இருக்கு" என்று எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "என்ன வேல? முடிச்சிட்டு வா, நாங்க காத்திருக்கோம்."

எழுந்து உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அவளிடம் சொல்வதற்கு ஒரு வேலைகூட அகப்படவில்லை.