தலைக்கவசத்துக்குள் இருந்தவள்

எங்கள் கல்லூரியில் பெண்கள் லக்ரோஸ் அணி புதிது. அதன் தலைமைப் பயிற்சியாளர் நான். பந்தைப் பிடித்து எறிகிற, நுனியில் வலை கட்டிய அந்தக் கம்பை முன்பின் தொட்டிராத பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு குளிர்காலம் முழுக்கப் பழக்கினேன். முதல் சிநேகபூர்வ ஆட்டம் தொடங்க முன்னமே கோல் காக்க எங்களிடம் இருந்த ஒரே கோலி காலைச் சுளுக்கிக்கொண்டாள். கோலி இல்லாமல் ஆட முடியாது. பெற்றோர் தூரத்து விட்பி நகரில் இருந்தெல்லாம் வந்து காத்திருந்தார்கள்.

எதிரணிப் பயிற்சியாளர் விஷயத்தைக் கேட்டதும் தன் இரண்டாவது கோலியை எங்களுக்குத் தந்தார். முகத்தை மூடிய தலைக்கவசத்தோடு வந்தவள் பேசாமல் எங்கள் கோலுக்குள் போய் நின்றாள். அருகில் நின்ற எங்கள் கப்டன் அபிராமியிடம், அவளுக்கு விளங்காது என்ற நினைப்பில், தமிழில் சொன்னேன்:

"உவளை நம்பாதை. தன்ர ஆக்களுக்கு விட்டுக்குடுத்திடுவாள்."

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. தன் சொந்தக் கப்டன் கிட்ட வந்து எறிந்த பந்தைக்கூட நெஞ்சைக் கொடுத்து மறித்தாள். ஆறுக்கு நாலு என்று தோற்றோம். அவள் இல்லாவிட்டால் இருபது வாங்கியிருப்போம்.

முடிந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சொறி கோச், ஆறு விட்டிட்டன்," என்றாள், தமிழில்.

எனக்கு முகம் சுட்டது. "அப்ப நான் சொன்னது உமக்குக் கேட்டதோ?"

"ஓம். பரவாயில்லை கோச், என்ர அம்மாவும் உப்பிடித்தான், ஒருத்தரையும் நம்பமாட்டா."

அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

இப்போது அணிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் அவளைப் பற்றித்தான் சொல்கிறேன். நான் சொன்ன அந்த வசனத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.