பௌசியா ராத்தா கேட்ட இரண்டாவது சோதனை

வியாழக்கிழமை காலை நான் ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது பௌசியா ராத்தாவின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "விஜி, பௌசியா மவுத்தாகிட்டா. சுபஹோட," என்றார். விடியற்காலைத் தொழுகை நேரத்தில் உயிர் பிரிந்திருக்கிறது. ராத்தாவை அறிந்த உங்களில் பலருக்கு அந்தச் செய்தி இடி விழுந்தது போல வந்திருக்கும். எனக்கு அது முந்திய நாளே தெரியும். அவருடைய இரத்தத்திலிருந்து வளர்த்த கிருமியைச் சோதனைத் தட்டில் பார்த்தவள் நான்தான்.

மாத்தளை ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில், நாங்கள் பதினேழு வருடம் வேலை செய்தோம். அக்காவை அவர்கள் வீட்டில் ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். குடல் கிருமிகள் அவர் பொறுப்பு. வார்டிலிருந்து வரும் மலமாதிரியைக் கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்துச் சூட்டுப் பெட்டியில் வைப்பார். மறுநாள் காலை தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எல்லோர் குடலிலும் இருக்கிற கிருமிகளில் பல ரோஜா நிறத்தில் முளைத்திருக்கும். அவற்றுக்கு நடுவே நிறமே இல்லாமல் ஒன்றிரண்டு புள்ளிகள் தெரிந்தால், பேசிக்கொண்டிருந்த பேச்சை அப்படியே நிறுத்திவிடுவார். வயிற்றுளைச்சலையும் குடற்காய்ச்சலையும் கொண்டுவருபவை பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கும்.

"அசையுதா, வாயு விடுதா, எந்தச் சீனியப் புளிக்க வெக்குது, ஒவ்வொன்னாக் கேளுங்க. அது பதில் செல்லும்," என்பார்; 'சொல்லும்' அவர் வாயில் 'செல்லும்' என்றுதான் வரும். கிருமி ஒரு பிடிவாதக்கார விருந்தாளி என்பது போலத்தான் பேசுவார். பெயர் தெரியாமல் அறிக்கையில் கையெழுத்து வைக்கவே மாட்டார். "கெட்ட கிருமி ஈக்கின்டு எழுதினா டொக்டர் அத வெச்சிக் கொண்டு என்ன செய்ற? பேரச் செல்லணும்."

கலேவெலயிலிருந்து ஒரு விவசாயி மூன்று வாரக் காய்ச்சலோடு வந்து கிடந்தார். டெங்கு இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை. ராத்தா அவருடைய இரத்தத்தில் குடற்காய்ச்சல் கிருமியைப் பிடித்தார். அந்த மனிதர் பிழைத்து, ஒரு மாதம் கழித்து இரண்டு பூசணிக்காய்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். அந்த ஒரு நாளை இவ்வளவு தெளிவாக நினைவு வைத்திருக்கிறேன் என்றால், அப்படியான நாட்கள் எங்களுக்கு அதிகம் வாய்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரே கிழமையில் ஒன்பது பிள்ளைகள் இரத்தமும் சீதமுமாக வயிற்றால் போய் வார்டுக்கு வந்தார்கள். ஒன்பது தட்டிலும் வயிற்றுளைச்சல் கிருமி, ஷிகெல்லா. எல்லோரும் ஒரே லயத்து, ஒரே வரிசை வீடுகளின் பிள்ளைகள் என்று கண்டதும் ராத்தா ஒரு சனிக்கிழமை தன் செலவில் அங்கே போனார். நானும் கூடப் போனேன். மேட்டில் கக்கூஸ் குழிகள். அதற்கு நேர் கீழே குடிதண்ணீர்ப் பீலி. போத்தலில் தண்ணீர் எடுத்து வந்து சோதித்தோம். மலத்தில் வாழும் கிருமி அதில் நிறைந்திருந்தது. ராத்தா சுகாதாரப் பகுதிக்கும் தோட்டத்துக்கும் எழுதினார். இரண்டு கிழமை தண்ணீரில் குளோரின் போட்டார்கள். பீலியை மாற்றப் பணம் ஒதுக்கப்படும் என்று ஒரு கடிதம் வந்தது.

அடுத்த மழைக்கும் அதே லயம், அதே கிருமி. முதல் வருடம் அதை அடக்கிய மருந்துகளில் இரண்டு இப்போது வேலை செய்யவில்லை. அந்த முறை நான்கு வயதுப் பெண் பிள்ளை ஒன்று வலிப்பு வந்து வார்டிலேயே இறந்துபோனது. தகப்பன் எங்கள் கதவடியில் வந்து நின்று, "மிஸ், போன வருசம் தண்ணி எடுத்துக்கிட்டுப் போனீங்களே, அது என்னாச்சுங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் போன பிறகு ராத்தா கையுறையைக் கழற்றிவிட்டு வெகுநேரம் கை கழுவினார். "நாங்க பேரு வெச்சோம், விஜி. அவ்வளவுதான் செஞ்ச," என்றார். அதன் பிறகும் ஒவ்வொரு மழைக்கும் கடிதம் எழுதினார். பீலி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

இந்த வருடம் ராத்தாவுக்குப் பித்தக்குழாயில் கல். வெளியூரில் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த நான்காம் நாள் குளிரும் காய்ச்சலும் பிடித்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். கிருமி எங்கே தொற்றியது என்று எங்களுக்குத் தெரியாது; அவரும் யாரையும் குறை சொல்லவில்லை. புதன்கிழமை காலை தட்டைத் திறந்தேன். ரோஜா நிறத்தில், கோழை போல வழுக்கும் பெரிய புள்ளிகள். கிளெப்சியெல்லா: குடலில் சும்மா கிடக்கும், இரத்தத்தில் புகுந்தால் கொல்லும். மற்றத் தட்டில் மருந்து வில்லைகளை வைத்திருந்தேன். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் விடும். ஒரு வில்லையைச் சுற்றியும் வட்டம் இல்லை. விளிம்புவரை வளர்ந்திருந்தது.

டொக்டருக்குச் சொல்லிவிட்டு நானே வார்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் ஒட்சிசன் முகமூடியை விலக்கினார்.

"கிளெப்சியெல்லாவா?"

"ஆமா ராத்தா."

"பெரிய மருந்து, மெரோப்பெனம்?"

"வட்டம் இல்ல."

"ஒன்டுக்கும் இல்லையா? எனக்கிட்ட மறைக்காதீங்க."

"ஒன்னுக்கும் இல்ல."

மிஞ்சியிருந்தது வில்லை வைத்துச் சோதிக்க முடியாத ஒரே மருந்து. அதை அவருடைய சிறுநீரகம் தாங்காது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார். உறங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழும்பியபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். கை அனலாகச் சுட்டது.

"விஜி, இன்னொருக்காப் போட்டுப் பாருங்களே. வேற கிருமி கலந்து கிலந்து பொய்த்தோ தெரியாது."

பதினேழு வருடத்தில் என் தட்டை அவர் சந்தேகப்பட்டதில்லை. இப்போதும் அவர் சந்தேகப்படவில்லை. அவருக்கு வாழ ஆசை இருந்தது. நான் போய், புதிய தட்டில், புதிய வில்லைகளோடு மறுபடியும் போட்டேன். அதைச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை அந்தச் செய்தி வந்த பிறகு, கையுறை போட்டுக்கொண்டு அந்தப் புதிய தட்டைத் திறந்து பார்த்தேன். கேட்டவர் இல்லை, ஆனாலும் பார்த்தேன். முதல் தட்டுப் போலவே இருந்தது. பிறகு ஜனாஸா வைத்திருந்த அவர் வீட்டுக்குப் போனேன். பெண்கள் நடுவே அவரை வெள்ளைத் துணியில் கபனிட்டு வைத்திருந்தார்கள். அவருடைய மகள் என்னைக் கட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, உம்மா கேட்ட டெஸ்ட் என்ன ஆச்சு?" என்றாள். "இன்னும் வரல்ல, மகள்," என்று பொய் சொன்னேன்.

எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை அழிக்கக் கூடாது. சிறு குழாயில் உறையவைத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. அவருடையதையும் அப்படியே எடுத்து வைத்தேன். குழாயில் பெயர் எழுதுவதில்லை, இலக்கம் மட்டும்தான். பாதியை அனுப்பிவிட்டேன். மீதி உறைபெட்டியின் இரண்டாம் அடுக்கில், சாகாமல் இருக்கிறது. நண்பர்களே, அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.